உட்கார வைக்கும் பணமா, தேட வைக்கும் பணமா?

பொம்மையார்பாளையத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, வானூர் வட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்து பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தம்பிகளே, தங்கைகளே! நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காரலாம். பேச்சு கொஞ்சம் நீளும்.

இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள், வேலை இல்லாதவருக்குக் கொடுக்கப்படும் பணம். அந்தப் பணம் கைக்கு வந்தால் ஆள் வேலை தேடுவாரா, தேடாமல் இருந்துவிடுவாரா? வேலையில்லாத நாள்கள் கூடுமா, குறையுமா? பொருளாதாரப் பேராசிரியர்கள் பல பத்தாண்டுகளாக வாதாடும் வழக்கு இது. நம் டீக்கடையில் இதே வழக்குக்கு ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள்: "சும்மா காசு குடுத்தா எவன் வேலைக்குப் போவான்?"

அந்த ஒரு வரியைத்தான் இன்று பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

முதலில் அந்த வரிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். பிரிட்டன் 1911-இல் சட்டம் போட்டு வேலையிழந்தவருக்கு வாரம் 7 ஷில்லிங் கொடுக்கத் தொடங்கியது. கட்டடம், கப்பல் கட்டுதல் போன்ற சில தொழில்களுக்கு மட்டும். அதுவும் ஆண்டுக்கு 15 வாரத்துக்கு மேல் கிடையாது. ஏன் அந்த வரம்பு? இதே பயம்தான். அந்தப் பயத்துக்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் உதவித்தொகையை 10 சதவீதம் கூட்டினால், ஒருவர் வேலையில்லாமல் இருக்கும் காலம் 4 முதல் 8 சதவீதம் நீள்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. உதவித்தொகை நிற்கப்போகும் வாரம் நெருங்க நெருங்க, வேலை தேடுவதில் செலவிடும் நேரம் கூடுகிறது என்று பொருளாதார ஆய்வாளர்கள் ஆலன் குரூகரும் ஆண்ட்ரியாஸ் முல்லரும் கண்டார்கள். 1984-இல் இல்லினாய் மாநிலம் ஒரு சோதனையே நடத்தியது. 11 வாரத்துக்குள் வேலை பிடித்து, அதில் 4 மாதம் நிலைத்தால் 500 டாலர் பரிசு. பரிசு அறிவிக்கப்பட்டவர்கள் சராசரியாக ஒரு வாரம் முன்னதாகவே வேலைக்குத் திரும்பிவிட்டார்கள்.

அப்படியானால் டீக்கடை ஜெயித்துவிட்டதா? கொஞ்சம் பொறுங்கள்.

பணம் கிடைத்தவர் வேலைக்குப் போகத் தாமதிக்கிறார். சரி. ஏன் தாமதிக்கிறார்? இரண்டு காரணம் இருக்கலாம். வேலையில் சேர்ந்தால் பணம் நின்றுவிடும், அதனால் இருந்துவிட்டுப் போகலாம் என்பது ஒன்று. கையில் கொஞ்சம் காசு இருப்பதால், முதலில் கூப்பிட்ட மட்டமான வேலைக்கு ஓடாமல் நாலு இடம் விசாரித்துப் பார்க்கிறார் என்பது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எப்படிப் பிரிப்பது?

ஆஸ்திரியாவில் அதற்கு ஒரு வழி கிடைத்தது. ஒரே முதலாளியிடம் மூன்று ஆண்டு வேலை பார்த்தவரை நீக்கினால், இரண்டு மாதச் சம்பளத்தை மொத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. மூன்று ஆண்டுக்கு ஒரு மாதம் குறைந்தால் ஒன்றும் இல்லை. இந்தப் பணத்தின் தன்மையைக் கவனியுங்கள். மறுநாளே வேறு வேலையில் சேர்ந்தாலும் அது பறிபோகாது. ஆகவே சும்மா இருப்பதற்குக் கூலி என்று இதைச் சொல்லவே முடியாது. அப்படியிருந்தும், அந்தப் பணம் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட நிதானமாகத்தான் வேலை பிடித்தார்கள். டேவிட் கார்டு, ராஜ் செட்டி, ஆண்ட்ரியா வெபர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2007-இல் இதைக் காட்டினார்கள். மறு ஆண்டே, புது தில்லியில் பிறந்த அந்த ராஜ் செட்டி அமெரிக்கக் கணக்கை எடுத்துப் பிரித்தார். உதவித்தொகையால் நீளும் காலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் இரண்டாவது காரணத்தால்தான் என்றார். சேமிப்பு உள்ளவரிடம் உதவித்தொகை பெரிய மாற்றம் எதையும் செய்யவில்லை. சேமிப்பே இல்லாதவரிடம்தான் செய்தது.

வீட்டில் அரிசி இல்லாதவர் வேலை தேடுவதில்லை. கையில் அகப்பட்டதைப் பிடிக்கிறார். தேடுவதற்கே கொஞ்சம் காசு வேண்டும்.

அப்படி நின்று தேடியதால் நல்ல வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். ஆஸ்திரியாவில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு உதவிக்காலம் 30 வாரத்திலிருந்து 39 வாரமானபோது, வேலையில்லா நாள் இரண்டுதான் கூடியது. அடுத்த வேலையின் சம்பளம் அரை சதவீதம் உயர்ந்தது. ஜெர்மனியில் நடந்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது. அங்கே சம்பளம் சற்றுக் குறைந்தது. இந்த இடத்தில் மேசையைக் குத்தி உறுதியாகப் பேசுகிறவர் யாரானாலும் அவரை நம்பாதீர்கள்.

போதும், அயல்நாட்டை விட்டு நம் கரைக்கு வருவோம்.

நம் ஊரில் வேலையில்லா உதவித்தொகை என்று ஒன்று இருக்கிறதா? பெயர் அப்படி இல்லாவிட்டாலும், இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரை முழுவதும் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது. 2001-இல் தொடங்கியபோது 45 நாள்; 2017 முதல் 61 நாள். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் அரசே வேலையை நிறுத்துகிறது. அதற்காக மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் கொடுக்கிறது. 2,000 ரூபாயாக இருந்த தொகை 5,000 ஆனது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில், அதை 8,000 ஆக்குவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

8,000 ரூபாயை 61 நாளால் வகுத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு, தலைக்கு அல்ல, குடும்பத்துக்கு, நாளொன்றுக்கு 131 ரூபாய்.

இந்தப் பணம் யாரையாவது சோம்பேறியாக்க முடியுமா? முடியவே முடியாது, ஏன் தெரியுமா? தொகை சின்னது என்பதால் மட்டும் அல்ல. தடை எப்போது முடியும் என்பதைச் சட்டம் முடிவு செய்கிறது. பணம் முடிவு செய்வதில்லை. பணம் வாங்கினாலும் 61 நாள், வாங்காவிட்டாலும் 61 நாள். நடுவில் வேறு கூலிக்குப் போனால் நிவாரணம் பறிபோவதும் இல்லை. ஆஸ்திரியாவில் பேராசிரியர்கள் தேடித் தேடிக் கண்டுபிடித்த அந்தச் சங்கதி, நம் கடற்கரையில் ஆண்டுதோறும் நடக்கிறது. அந்த 61 நாளில் என்ன நடக்கிறது? படகு கரையேறுகிறது, மராமத்து நடக்கிறது, வலை பின்னப்படுகிறது, இளைஞர்கள் கட்டட வேலைக்கோ லோடு ஏற்றவோ போகிறார்கள்.

அப்படியானால் அந்த 8,000 எதைத்தான் மாற்றுகிறது? கடனை மாற்றுகிறது. தடை தொடங்கும் வாரத்தில் கையில் காசு இல்லாதவர் மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். முன்பணம் வாங்கியவர் சீசன் முழுவதும் பிடித்த மீனை அவரிடமே, அவர் வைத்த விலைக்குப் போடுவார். ஆகவே தொகை எவ்வளவு என்பதைவிட, அது எந்தத் தேதியில் வருகிறது என்பது பெரிய கேள்வி. ஏப்ரல் 14-ஆம் தேதி வந்தால் அது முன்பணத்துக்கு மாற்று. ஜூன் மாதம் வந்தால் அது வட்டிக்கே போகும்.

இதோடு இன்னொன்றும் இருக்கிறது, அரசும் மீனவரும் சேர்ந்து போடும் சேமிப்பு. மீனவர் மாதாமாதம் கட்டி 1,500 ரூபாய் சேர்த்தால், மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 போட்டு, மீன் குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் திருப்பித் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. சொந்தச் சேமிப்பும் உதவியும் ஒன்றாகக் கலந்தது. இதைச் சோம்பேறிப் பணம் என்று எந்த டீக்கடையிலும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் பொம்மையார்பாளையத்துக்கு வேறொரு வேலையிழப்பும் வந்திருக்கிறது, அதற்கு நாள் கணக்குக் கிடையாது. 1980-களில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டப்பட்ட தடுப்புச் சுவர், தெற்கிலிருந்து வடக்கே கடல் கொண்டுவரும் மணலை மறித்தது. புதுச்சேரிக் கடற்கரை போயிற்று. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி என்று அரிப்பு வடக்கே ஏறி இங்கேயும் வந்தது. படகை இழுத்து வைக்க மணல் இல்லை, வலை உலர்த்த இடமில்லை. ஏப்ரல் 15 என்று தேதி போட்டு வரும் வேலையிழப்புக்குத் தொகை உண்டு. கரை கரைந்து வரும் வேலையிழப்புக்கு எந்தப் பட்டியலில் இடம் இருக்கிறது? உதவித்தொகை வேலை போனவரைப் பார்த்து வருவதில்லை. விண்ணப்பப் படிவத்தில் உள்ள காரணத்தைப் பார்த்து வருகிறது.

கடலை விட்டுக் காட்டுப்பக்கம் போவோம். நூறு நாள் வேலைச் சட்டம் நாட்டில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 2006 பிப்ரவரி 2-ஆம் தேதி. அன்று தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அந்தச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு பலருக்குத் தெரியாது. வேலை கேட்டு 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால், முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்கும், அதற்குப் பிறகு பாதிப் பங்கும் வேலையில்லாப் படியாகக் கொடுக்க வேண்டும் என்றது அது. ஏட்டில் இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட உரிமை, கையில் இவ்வளவு அரிதாக வந்தது வேறொன்று இல்லை.

அந்தச் சட்டம் வந்ததும் நிலம் வைத்திருப்பவர்கள் என்ன சொன்னார்கள்? "நூறு நாள் வேலை வந்ததுலேர்ந்து களையெடுக்க ஆள் கெடைக்கல." டீக்கடை வரியின் இன்னொரு பதிப்பு. கிளெமென்ட் இம்பெர்ட், ஜான் பாப் என்ற ஆய்வாளர்கள் இருவர், சட்டம் முதலில் வந்த மாவட்டங்களின் கணக்கைப் பார்த்தார்கள். விவசாய வேலை குறைந்த வறண்ட மாதங்களில்தான் ஆள்கள் அரசு வேலைக்குப் போனார்கள். அந்த மாதங்களில் வெளியே கிடைக்கும் தினக்கூலி ஏறத்தாழ 5 சதவீதம் உயர்ந்தது. ஆகவே நிலக்காரரின் புகார் பொய் அல்ல. பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று அதைத் திருத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வேறு வழி இருக்கும் தொழிலாளி பேரம் பேசுவார். அதைச் சோம்பல் என்று பெயர் வைத்துக் கூப்பிட்டால் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள்.

அடுத்தது ஆலைத் தொழிலாளி. எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி. 1936 ஜூலை 30-இல் சவானா ஆலையில் பன்னிரண்டு பேர் சுடப்பட்டுச் செத்து, எட்டு மணி நேர வேலையை வாங்கிக் கொடுத்த ஊர். அங்கே ஏ.எஃப்.டி. ஆலை 2011 டிசம்பர் 30-இல் அடித்த தானே புயலில் சிதைந்தது. பிறகு அது நிமிரவே இல்லை. தொழிலாளிகள் ஆண்டுக்கணக்கில் லே-ஆஃபில் கிடந்தார்கள். 2020 ஏப்ரலோடு ஆலை மூடப்பட்டது.

லே-ஆஃப் என்றால் பாதிச் சம்பளம். 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. தொழிலாளி தினமும் ஒருமுறையாவது, குறித்த நேரத்தில், ஆலைக்கு வந்து முகம் காட்ட வேண்டும். வராவிட்டால் அன்றைய படி இல்லை. அதே முதலாளி ஐந்து மைலுக்குள் வேறு வேலை கொடுத்து மறுத்தாலும் படி இல்லை என்றது அந்தச் சட்டம். இப்போது சொல்லுங்கள்: தினமும் ஆலைவாசலில் நிற்க வேண்டியவர் சேதராப்பட்டிலோ திண்டிவனம் சிப்காட்டிலோ போய் எப்படி வேலை கேட்பார்? இங்கே தேடலைத் தடுப்பது பணம் அல்ல, பணத்துக்குக் கட்டிவிட்ட நிபந்தனை. ஆளை மாடு மாதிரி முளையில் கட்டிவிட்டு, ஏன் மேயப் போகவில்லை என்று கேட்கிறோம்.

அப்படிக் கட்டாத திட்டம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது, தெரிந்தவர்தான் குறைவு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும், ஈ.எஸ்.ஐ. என்ற அரசுக் காப்பீட்டுப் பிடித்தம் உள்ள தொழிலாளிக்கு, 2018 ஜூலையில் 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' வந்தது. வேலை போனால் சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 90 நாளுக்கு. கொரோனா வந்ததும் 2020 மார்ச் 24 முதல் அதை 50 சதவீதமாக்கினார்கள். முன்பு வேலை போய் 90 நாள் காத்திருந்து கேட்க வேண்டும். அது 30 நாளானது. முதலாளி வழியாகப் போக வேண்டியதில்லை, தொழிலாளியே நேராக விண்ணப்பிக்கலாம் என்றும் ஆனது. மாதம் 15,000 வாங்கியவருக்கு மூன்று மாதத்தில் 22,500 ரூபாய் வரும். நல்ல தொகை. ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். ஒப்பந்த வேலை ஆண்டுக்கு ஒருமுறை முடியும் காலத்தில், ஆயுளுக்கு ஒருமுறை உதவி! இது போக, ஈ.எஸ்.ஐ. அட்டையே இல்லாத கொத்தனார், சித்தாள், ஓட்டல் சப்ளையர், கார் டிரைவர் இந்த வாசல்படியையே மிதிக்க முடியாது.

இனி படித்த பிள்ளைகளின் கதை. அரசியலமைப்பின் 41-ஆவது பிரிவு, தன் பொருளாதார வலிமைக்கு உட்பட்டு, வேலையின்மையில் அரசு உதவ வேண்டும் என்கிறது. அந்த வழியில் 2006-இல் தமிழக அரசு தொடங்கிய உதவித்தொகை இன்றும் நடக்கிறது. பத்தாம் வகுப்புத் தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாம் வகுப்புக்கு 400, பட்டதாரிக்கு 600. மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும். மாற்றுத்திறனாளிகளுக்குத் தொகையும் கூடுதல், காலமும் நீளம்.

பட்டதாரிக்கு நாள் ஒன்றுக்கு 20 ரூபாய். இதை வாங்கிக்கொண்டு எவராவது வேலைக்குப் போகாமல் இருக்கிறார் என்றால், அவரைப் பிடித்து ஆராய்ச்சிக்கு அனுப்ப வேண்டும்.

தொகையை விடுங்கள், நிபந்தனையைப் பாருங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000-ஐத் தாண்டக்கூடாது. அதாவது படித்து முடித்த பெண் எந்த ஐந்து ஆண்டில் ஊர் ஊராகப் போய் வேலை கேட்பாளோ, அந்த ஐந்து ஆண்டில் ஒரு பைசா கிடையாது. கேட்டுக் கேட்டு அலுத்து, வீட்டில் உட்கார்ந்த பிறகு 600 ரூபாய் வரும். தேடும்போது வராத பணம், தேடல் ஓய்ந்தபின் வருகிறது. இந்தத் திட்டம் வேலை தேடுவதைக் குறைத்தது என்று குற்றம் சொல்ல வழியே இல்லை. கூட்டியது என்று புகழவும் வழியில்லை.

பிறகு ஏன் நம் பட்டதாரிகள் இத்தனை ஆண்டு வேலையில்லாமல் இருக்கிறார்கள்? 2001 கடைசியிலிருந்து 2006 வரை தமிழக அரசு புது ஆள் எடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்தி வைத்ததே, நினைவிருக்கிறதா? குணால் மங்கல் என்ற பொருளாதார ஆய்வாளர் அந்தக் காலத்தை எடுத்துப் பார்த்தார். அரசு வேலை சுருங்கினால் இளைஞர்கள் தனியார் வேலைக்குத் திரும்பியிருக்க வேண்டும் அல்லவா? திரும்பவில்லை. பட்டதாரி ஆண்கள் இன்னும் அதிக காலம் வேலையில்லாமல் இருந்து டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தார்கள். பின்னாளில் அவர்களின் சம்பாதிக்கும் திறனும் குறைந்தே இருந்தது. அவர்களுக்கு உதவித்தொகை கொடுத்தது யார்? அப்பாவின் கூலியும் அம்மாவின் மீன்கூடையும்தான். நாட்டின் மிகப் பெரிய வேலையில்லா உதவித் திட்டத்தை வீடுகள்தான் நடத்துகின்றன. அதற்கு வாரக்கெடு இல்லை, நிபந்தனை இல்லை, கணக்கும் இல்லை.

இங்கே பின்வரிசைத் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. தேர்வு எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் எத்தனை முறை என்பதை முதல் தேர்வுக்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

சரி, எந்த மாதிரிப் பணம் தேடலைக் கூட்டும்? எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில், நகரின் ஓரத்தில் குடியிருந்த இளைஞர்களுக்கு ஓர் ஆய்வுக்காகப் பஸ் காசு மட்டும் கொடுத்தார்கள். வேலை அறிவிப்புகள் நகரின் நடுவில் பலகையில் ஒட்டப்படும். அதைப் போய்ப் பார்க்கவே காசு இல்லாதவர்கள் அவர்கள். பஸ் காசு கிடைத்தவர்கள் கூடுதலாகத் தேடினார்கள். நான்கு மாதத்தில் நிரந்தர வேலை பெற்றவர்களும் அவர்களிடையே கூடினார்கள். பின்னால் அதே ஊரில் நடந்த இன்னோர் ஆய்வில், நான்கு ஆண்டு கழித்துப் பஸ் காசின் பலன் தேய்ந்திருந்தது. விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுத்து, திறமையைச் சோதித்துச் சான்று கொடுத்த பயிற்சியின் பலன் நின்றது. இரண்டையும் நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். இங்கிருந்து விழுப்புரம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போக, புதுச்சேரியில் பஸ் மாறி, ஒருநாள் பொழுதும் ஒருநாள் கூலியும் போகிறது. அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுகிறோம்?

முடிக்கும் முன் உங்களிடம் சில வேண்டுகோள்கள். கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று இன்று இரவே பாருங்கள். வேலை போனால், அந்த 50 சதவீதத் திட்டம் அப்போது நடப்பில் இருக்கிறதா என்று கிளை அலுவலகத்தில் கேளுங்கள். அவ்வப்போது நீட்டித்தே அதை நடத்தி வந்திருக்கிறார்கள். வேலைவாய்ப்புப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறாதீர்கள். ஐந்து ஆண்டு ஆனவர்கள், தொகை சின்னது என்று விட்டுவிடாமல் விண்ணப்பம் போடுங்கள். வாங்குகிறவர் எண்ணிக்கை குறைந்தால் தேவையே இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

கடைசியாக ஊராட்சிக்கு ஒன்று. மே 1-ஆம் தேதி கிராம சபை கூடும். அது தடைக்காலத்தின் நடுவில் வருகிறது. அன்றைக்கு மூன்று தீர்மானம் போடுங்கள். தடைக்கால நிவாரணம் ஏப்ரல் 15-க்கு முன்பே வங்கிக் கணக்கில் ஏற வேண்டும். கடலரிப்பால் தொழில் நின்றவரும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும். வேலைவாய்ப்புப் பதிவில் கேட்கும் ஐந்து ஆண்டை ஓர் ஆண்டாகக் குறைக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள்.